38 லட்சம் இல்லாத வீட்டை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

வாசகர் கடிதம்:

கொழும்பு கொட்டாஞ்சேனையில், சாந்த லூசியா பேராலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. முன்பகுதி என் மாமனார் 1950களில் கட்டியது, ஓட்டுக் கூரை, ஆயிரம் சதுர அடி வரும். பின்னால் உள்ள அறையையும் குசினியையும் என் கணவர் 1986இல் கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டுக் கட்டினார். அதன்மேல் ஆயிரம் லீற்றர் நீர்த்தாங்கி இருக்கிறது. இரண்டு வருடமாக முன்பகுதி ஒழுகுகிறது. பின் அறையின் மேற்தட்டிலிருந்து துண்டு துண்டாக விழுந்து கம்பி தெரிகிறது. மழை நாளில் விறாந்தை சுவிட்சைத் தொட்டால் சுரீரென்கிறது. ஒப்பந்தகாரர் ஒருவர் வந்து பார்த்து 38 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடதாசியின் பிரதியை இணைத்திருக்கிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 66. கணவர் காலமாகி நான்கு வருடம். வீட்டின் உறுதிப் பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான். ஓய்வூதியம் மாதச் செலவுக்கே சரி. மகள் ஒரு தனியார் நிறுவனத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை, பிள்ளையோடு என்னுடன்தான் இருக்கிறாள். மகன் கட்டாரில். தெரிந்தவர் ஒருவர், வீட்டை அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் 25 லட்சம் தருவதாகவும், பணத்தைத் திருப்பியதும் வீட்டைத் திருப்பி எழுதுவதாகவும் சொல்கிறார். மாடிக் குடியிருப்புக் கட்டும் நிறுவனமொன்றும் விலை கேட்டு வந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. பேத்தி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பது அந்தப் பின் அறையில்தான். அங்கே இருப்பதில் பயமில்லையா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அம்மா,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பயம் இருக்கிறது. பேத்தியின் மேசையையும் கட்டிலையும் இன்றைக்கே முன்பகுதிக்கு மாற்றிவிடுங்கள். படிக்க இடம் நெருக்கமானாலும் பரவாயில்லை. மேற்தட்டிலிருந்து ஒரு கை அகலத் துண்டு தலையில் விழுந்தாலே பலத்த காயம் வரும். கம்பி தெரிகிறதென்றால், அதைச் சுற்றியுள்ள கொங்கிறீற்று வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பிடிப்பு விட்டிருக்கும். குசினியில் சமைக்காமல் இருக்க முடியாது. ஆனால் துண்டு விழுந்த இடத்துக்கு நேர் கீழே நின்று சமைக்க வேண்டாம், அடுப்பை நகர்த்துங்கள்.

அடுத்தது நீர்த்தாங்கி. ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஒரு தொன் எடை. கம்பி துருப்பிடித்த தட்டின்மேல் இரவும் பகலும் அந்தப் பாரம் உட்கார்ந்திருக்கிறது. முதலில் தாங்கியைக் கால்வாசிக்கு மேல் நிரம்பாதபடி மிதவையைத் தாழ்த்துங்கள், பிறகு தாங்கியை அங்கிருந்து இறக்கிவிடுங்கள். பின்வளவில் நிலத்தில் வைக்கலாம். குழாய்க்கு வேகம் குறையும், வாளியில் அள்ள வேண்டிவரும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் வேலைக்காரரும் இரண்டு உதவியாளரும் ஒரு பகலில் முடிக்கும் வேலை இது. 38 லட்சக் கடதாசியில் இந்த வரியே இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

சுவிட்ச் சுரீரென்பதும் சிறிய விஷயம் அல்ல. ஓட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் பழைய வயருக்குள் போகிறது, சுவர் வழியாக மின்சாரம் கசிகிறது. என்.வி.கியூ. என்ற தொழில் தகைமை உள்ள மின்னியலாளர் ஒருவரை அழைத்து, பிரதான பெட்டியில் மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இந்த வாரமே போடச் சொல்லுங்கள். பழைய வயருடன் அதைப் போட்டால் அடிக்கடி விழும். விழுகிறதே என்று யாராவது அதைக் கழற்ற வந்தால் விடாதீர்கள். எந்த வரிசை மின்விளக்கைப் போட்டால் விழுகிறதோ, கசிவு அந்த வரிசையில்தான். விறாந்தை வரிசையை, கசிவைத் திருத்தும்வரை, பியூஸ் கழற்றி நிறுத்தி வையுங்கள்.

இந்த மூன்றையும் செய்வதற்கு யாரிடமும் கடன்படத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இவற்றை முடித்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் நிதானமாக யோசிக்கலாம்.

இனி அந்தக் கடதாசியைப் பார்ப்போம். முழுக் கூரையையும் கழற்றி இரும்புச் சட்டமும் தகடும் போட 14.5 லட்சம், பின் தட்டை இடித்து மறுபடி வார்க்க 9, வீடு முழுக்க வயர் மாற்ற 4, தரைக்குப் புது ஓடு பதிக்க 5, குளியலறை புதுப்பிக்க 3.5, வர்ணம் பூச 2. மொத்தம் 38. ஒப்பந்தகாரர் உங்களை ஏமாற்றியதாக நான் சொல்லவில்லை. அவர் புது வீட்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். வீட்டைப் புதிதாக்க எவ்வளவு என்று கேட்டால் வரும் பதில் அது. வீடு மேலும் கெடாமல் நிற்க எவ்வளவு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகக் கொழும்பின் பழைய வீடுகளுக்குள் ஏறி இறங்குகிறேன். பணமில்லாத குடும்பங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பெரிய தொகை ஒன்றைக் காதில் வாங்கியதும், ஒன்று பயந்து எதையுமே செய்யாமல் விடுகிறார்கள், அல்லது பயந்து எதிலாவது கையெழுத்து வைக்கிறார்கள்.

தரை ஓட்டையும் வர்ணத்தையும் இப்போதே வெட்டிவிடுங்கள். ஏழு லட்சம் குறைந்தது. ஒழுகும் கூரையின் கீழ் வர்ணம் பூசுவது காசைத் தண்ணீரில் கரைப்பது. குளியலறையில் உண்மையான குறை என்ன என்று உங்கள் கடிதத்தில் இல்லை. குழாயோ கழிவுநீர்ப் பாதையோ கசிந்தால் அதை மட்டும் மாற்றுங்கள், நிறமும் பீங்கானும் காத்திருக்கலாம். குளியலறைக்கு மேல் பழைய அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ உரசவோ விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. தொடாமல் அப்படியே இருக்க விடுவதே நல்லது.

மிஞ்சுவது கூரை, தட்டு, வயர்.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டின் நோய் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் அது இரண்டு லட்சம் லீற்றருக்கு மேல். அதில் நூறில் ஒரு பங்கு வழிதவறினாலும் இரண்டாயிரம் லீற்றர் உங்கள் கூரையின் கைமரத்துக்குள்ளும் சுவருக்குள்ளும் போகிறது. ஆனால் அது கூரை முழுவதாலும் வருவதில்லை. அந்தக் காலத்துக் கலிகட் ஓடு சுட்ட களிமண், உடைந்தால் தவிர நூறு வருடமும் இருக்கும். பழுதாவது வேறு மூன்று இடங்கள். முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சீமெந்து வெடிக்கும். ஓடுகளைத் தாங்கும் சிலாகையும் கைமரமும் நனைந்து உக்கும், உக்கிய மரத்தைக் கறையான் தேடி வரும். எல்லாவற்றிலும் மோசமானது, இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில் போட்டிருக்கும் தகரப் பீலி. கொட்டாஞ்சேனையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், உங்கள் கூரைத் தண்ணீரும் பக்கத்து வீட்டுத் தண்ணீரும் அந்த ஒரே பீலிக்குள்தான் விழும். துறைமுகத்தின் உப்புக் காற்று அதை அரித்துவிடும். விறாந்தை பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தால், உங்கள் ஒழுக்கில் பெரும்பகுதி அந்தப் பீலியால்தான் வருகிறது என்று என் அனுபவம் சொல்கிறது.

ஆகவே ஓடுகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தகடு போடுவதை நான் ஆதரிக்கவில்லை. தகட்டுக் கூரையின் கீழ் மார்ச், ஏப்பிரல் வெக்கையில் இருந்து பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். நல்ல ஓட்டுக் கூரை வேலையாள் ஒருவரைக் கொண்டு, ஒரு பக்கமாகத் தொடங்கி ஓட்டை இறக்கி அடுக்கி, உக்கிய மரத்தை மட்டும் மாற்றி, கறையான் மருந்து அடித்து, அதே ஓட்டைத் திரும்பப் போடலாம். உடைந்தவற்றுக்குப் பதிலாகப் பழைய ஓடு வாங்குங்கள். கொழும்பில் நாளாந்தம் பழைய வீடுகள் இடிபடுகின்றன, அவற்றின் ஓடும் மரமும் கதவும் விற்கும் இடங்களும் இருக்கின்றன. ஒரு ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அளவும் பள்ளமும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அச்சு மாறினால் அந்த இடத்தில் மறுபடி ஒழுகும். இந்த வேலையை முழுக் கூரைக்கும் ஒரே வருடத்தில் செய்ய வேண்டியதில்லை. முதல் வருடம் பீலியும் அதன் இரு கரையும், அடுத்த வருடம் முகடு, அதற்கடுத்த வருடம் தெருப்பக்கம் என்று போகலாம். கூரையின் உயரத்தையோ பரப்பையோ மாற்றாதவரை இது பராமரிப்பு. மாற்றுவதாக இருந்தால் முதலில் மாநகர சபையில் கேட்டு அனுமதி பெற வேண்டும்.

பீலியின் செலவைப் பக்கத்து வீட்டாருடன் பகிர்ந்துகொள்ளுங்கள். அவர்கள் பக்கச் சுவரும் நனைந்துகொண்டுதான் இருக்கும், அவர்களும் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருப்பார்கள். சாரத்தை ஒரு தரம் கட்டினால் இரண்டு வீட்டுக்கும் வேலை முடியும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தட்டைப் பற்றி நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என்ன நடக்கிறதென்று மட்டும் சொல்கிறேன். இரும்பு துருவாக மாறும்போது பருக்கிறது. பருத்த கம்பி கீழே உள்ள கொங்கிறீற்றைத் தள்ளி உடைக்கிறது. உடைந்த வெடிப்பால் இன்னும் தண்ணீரும் உப்புக் காற்றும் போகின்றன. இந்த நிலையில் மேசன் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டால், பெரும்பாலும் சீமெந்துக் கலவையை அப்பி மட்டம் செய்து வெள்ளை பூசிவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே துரு வேலையை நிறுத்தாது. இரண்டு மழைக்காலத்தில் அந்தப் பூச்சும் சேர்ந்து விழும். அப்படி விழுந்த பூச்சு ஒரு முதியவரின் தோள் எலும்பை முறித்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

சரியான முறை இது. தட்டுக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் கேட்கும் இடமெல்லாம் உடைத்தெடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கம் விரல் போகும் அளவுக்குத் தோண்டி, துருவை இரும்பு பளிச்சிடும்வரை சுரண்ட வேண்டும். துருத்தடைப் பூச்சுப் பூசி, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, திருத்த வேலைக்கென்றே பையில் விற்கும் கலவையால் மூட வேண்டும். கடைசியாக, தட்டின் மேற்பக்கத்தில் தண்ணீர் தேங்காதபடி சரிவும் நீர்த்தடையும். கம்பிகளில் பாதி தின்னப்பட்டிருந்தால் இந்தத் திருத்தமே வீண், இடிக்கத்தான் வேண்டும்.

அப்படி இடிக்க நேர்ந்தாலும், மறுபடி கொங்கிறீற்றுத் தட்டே வார்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? 1986இல் உங்கள் கணவர் தட்டுப் போட்டது, என்றாவது மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்ற எண்ணத்தில் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அந்த ஆசை இருந்தது. இன்றைக்கு உங்களுக்கு மாடி தேவையில்லை என்றால், அந்த அறைக்கும் குசினிக்கும் மேலே சாய்வான, பாரமில்லாத ஓட்டுக் கூரை போதும். ஒப்பந்தகாரரின் கடதாசியில் இந்த வழி இல்லை. ஒன்பது லட்சம் என்ற எண் இங்கேதான் பெரிதாகக் குறையும். எது சரி என்று முடிவெடுக்க, வேலையை எடுக்கப் போகிறவரல்லாத ஒரு பட்டயப் பொறியியலாளரை ஒரே ஒரு தடவை கட்டணம் கொடுத்துக் கூப்பிடுங்கள். ஜாவத்தை வீதியில் உள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் கட்டணத்துக்கு இத்தகைய பரிசோதனைகளைச் செய்கிறது. பல லட்சம் ரூபாய் முடிவுக்கு முன்னால் அந்தக் கட்டணம் சிறியது.

வீட்டைத் துண்டு துண்டாகத் திருத்துவது ஏழைகளின் கையாலாகாத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1984இல் இந்த நாட்டில் பத்து லட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியபோது, அரசாங்கமே வீட்டைக் கட்டிக் கையில் கொடுக்கும் பழைய முறையைக் குறைத்து, குடும்பங்களுக்குச் சிறு சிறு கடன் கொடுத்து, இருக்கிற வீட்டை அவர்களே திருத்தவும் பெருப்பிக்கவும் விட்டார்கள். எந்தச் சுவரை முதலில் எழுப்புவது என்பதை அந்தக் குடும்பமே தீர்மானித்தது. உலகின் மற்ற நாட்டு வீடமைப்பு அறிஞர்கள் அதைப் படிக்க இங்கே வந்தார்கள். நீங்கள் செய்யப் போவதும் அதுவே.

இப்போது பணம். 38 லட்சத்துக்கு ஒரு வழி தேடாதீர்கள், ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வழி தேடுங்கள்.

அரச ஓய்வூதியம் பெறுபவர் என்பதால், ஓய்வூதியம் வரவாகும் வங்கியிலேயே ஓய்வூதியர் கடன் கேட்கலாம். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி மூன்றிலும் அது இருக்கிறது. வீட்டு உறுதி தேவைப்படாமல், ஓய்வூதியத்திலிருந்தே மாதாமாதம் கழித்துக்கொள்ளும் கடன் இது. பெரிய தொகை கிடைக்காது, ஆனால் வயருக்கோ பீலிக்கோ போதலாம். மாதத் தவணை போன பிறகு மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் மிஞ்சுவதை முதலில் எழுதிப் பாருங்கள். வட்டி நிலையானதா மாறுவதா என்றும் கேளுங்கள். 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப்புள்ளி உயர்த்தியபோது, மாறும் வட்டிக்கு வீட்டுக் கடன் எடுத்திருந்த எத்தனை குடும்பங்களின் தவணை எகிறியது என்று உங்களுக்கு நினைவிருக்கும்.

மகள் பன்னிரண்டு வருடம் ஊழியர் சேமலாப நிதிக்குப் பங்களித்திருக்கிறார். 2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, பத்து வருடத்துக்கு மேல் பங்களித்து, கணக்கில் 3 லட்சம் ரூபாயாவது உள்ள அங்கத்தவர், வீட்டுத் தேவைக்கோ மருத்துவத்துக்கோ, மீதியில் 30 வீதம் வரை, உச்சமாக 20 லட்சம் வரை ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது அவருடைய முதுமைக்கான பணம். தட்டுக்கோ கூரைக்கோ தொடலாம், தரை ஓட்டுக்குத் தொட விடாதீர்கள்.

மகனிடம் பொதுவாகக் காசு அனுப்பு என்று கேட்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் களைத்திருப்பார்கள். பீலியின் படத்தை அனுப்பி, அதை மாற்றும் விலையை எழுதி, இதை நீ செய்து தா என்று கேளுங்கள். எல்லை தெரிந்த ஒன்றைக் கேட்டால் அவர் செய்துவிடுவார்.

நகை அடகு, திருப்பும் நாள் தெரிந்தால் மட்டும். மகளுக்கு டிசம்பரில் போனஸ் வருமென்றால், அதுவரைக்குமான சிறு தொகைக்கு வங்கியில் வைக்கலாம், வேறெங்கும் வேண்டாம். சீட்டு, நீங்கள் பல வருடம் பழகியவர்கள் நடத்துவதானால் வர்ணத்துக்கும் தரைக்கும் நல்ல வழி, அவசரமில்லாத வேலைக்கு அவசரமில்லாத பணம்.

வீட்டுக்குள்ளேயே ஒரு வருமானம் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு வேலைக்கு வரும் பெண் பிள்ளைகள் நம்பிக்கையான போடிங் தேடி அலைகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு என்றால் பெற்றோர் யோசிக்காமல் அனுப்புவார்கள். முன்னறை ஒன்றைக் கொடுத்து, சில மாத முற்பணம் வாங்கினால், அது வட்டியில்லாத பணம். ஆனால் ஒழுக்கும் மின்கசிவும் நின்ற பிறகுதான் ஒருவரின் பிள்ளையை உள்ளே எடுக்கலாம். முழுப் பகுதியையும் குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்கு விடுவதானால், நொத்தாரிசு முன்னிலையில் காலக்கெடுவுடன் ஒப்பந்தம் எழுதாமல் திறப்பைக் கொடுக்க வேண்டாம்.

தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு திருத்தக் கடன் கொடுக்கும் நிறுவனம்தான். உங்கள் கிராம உத்தியோகத்தர் மூலம் கேட்டுப் பார்ப்பதில் ஒரு நடைதான் செலவு. அரச ஈட்டு முதலீட்டு வங்கி போன்றவற்றில் வீட்டை ஈடு வைத்து எடுக்கும் கடனுக்கு உறுதி சரியாக இருக்க வேண்டும். அங்கேதான் உங்களுக்குத் தடை.

நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் வீடு திருத்தப் போய் வீட்டையே இழந்தவர்களைக் கண்டிருப்பதால் இதை எழுதாமல் விட முடியாது. கணவர் மரணசாசனம் எழுதாமல் காலமாகியிருந்தால், பொதுச் சட்டத்தின்படி அவருடைய ஆதனத்தில் பாதி உங்களுக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. வடபகுதித் தமிழருக்குரிய மரபுச் சட்டமான தேசவழமை பொருந்தும் குடும்பமானால் முறை வேறு. எப்படியிருந்தாலும் அந்த வீட்டை முழுவதுமாக யாருக்கும் எழுதிக் கொடுக்கும் உரிமை உங்களுக்குத் தனியாக இல்லை. இதைத் தெரிந்த ஒருவர், பிள்ளைகளின் கையெழுத்தையும் வாங்கித் தாருங்கள் என்று கேட்பார். அப்போது இன்னும் கவனமாக இருங்கள்.

ஏனென்றால் 25 லட்சம் தருவதாகச் சொல்பவர் கேட்பது ஈடு அல்ல. ஈடு என்றால் வீடு உங்களுடையது, கடன் மட்டும் அதன்மேல். அவர் கேட்பது எழுதிக் கொடுப்பது. அறுதி உறுதியில், அதாவது முழுதாக விற்கும் பத்திரத்தில், கையெழுத்திட்ட நிமிடத்தில் வீடு அவருடையது. இந்த நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் தொட்டு, காணி விஷயத்தில் நொத்தாரிசு முன் எழுதியதே செல்லும். திருப்பி எழுதித் தருவேன் என்று வாயால் சொன்னதை வைத்து வழக்காடுவது வருடக் கணக்கான வேதனை. திருப்பி எழுதுவதாக உறுதியிலேயே சேர்க்கும் நிபந்தனை உறுதியும் இருக்கிறது. அதில் குறித்த நாளில் பணம் முழுவதும் கட்டப்படாவிட்டால் வீடு போய்விடும். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் 25 லட்சத்தை எந்த நாளில் முழுதாகத் திருப்பப் போகிறார்? அந்தக் கேள்விக்கு அவரிடமே பதில் இருந்திருக்கும். அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், எவ்வளவு அன்பாகப் பேசினாலும், வேண்டாம் அம்மா. உறுதியின் மூலப் பிரதியைப் பார்க்கக்கூடக் கொடுக்க வேண்டாம்.

இதே நேரத்தில் கணவரின் ஆதனத்தைச் சட்டப்படி உங்கள் பெயருக்கும் பிள்ளைகள் பெயருக்கும் கொண்டுவரும் வேலையை மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்குங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாவிட்டால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகவே அது இருக்கிறது. உறுதி நேரானால் வங்கிக் கதவுகள் திறக்கும். பின்னர் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதுவதானால், நீங்கள் இருக்கும்வரை அங்கே வாழும் சீவிய உரித்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மாடிக் குடியிருப்பு நிறுவனத்துக்கு விற்பது தவறல்ல. வயதான காலத்தில், படியேறாத, ஒழுகாத ஒரு சிறிய வீட்டுக்குப் போவது சிலருக்கு நிம்மதி. ஆனால் வாளிகள் கூடம் முழுக்க நிற்கும் மழைக்காலத்தில் விலை பேசாதீர்கள். வாங்க வருகிறவர் ஒவ்வொரு வாளியையும் எண்ணி விலையைக் குறைப்பார். ஒழுக்கு நின்ற பிறகு, பிள்ளைகள் இருவரோடும் பேசி, ஒரு பேர்ச் அளவு காணிக்கு என்ன விலை என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து, அப்போதும் விற்கலாம் என்று தோன்றினால் விற்கலாம். பக்கத்தில் யாராவது அத்திவாரம் தோண்டத் தொடங்கினால், அதற்கு முதல் நாளே உங்கள் சுவர்களின் வெடிப்புகளைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள்.

வேலையின் காலத்தைப் பற்றி. உங்கள் கடிதம் செப்டெம்பரில் வந்திருக்கிறது. ஒக்டோபர், நவம்பர் இரண்டும் கொழும்பில் பின்னேரங்களில் இடியுடன் கொட்டும் மாதங்கள். இப்போது ஓட்டைக் கழற்றக் கூடாது. பீலிக்குள் நிறைந்திருக்கும் இலையையும் மண்ணையும் அள்ளி எடுத்து, காய்ந்த நாளில் துளைகளுக்குத் தார்ப்பட்டி ஒட்டி, உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றுங்கள். மிஞ்சும் இடத்துக்குப் படங்கு கட்டிக்கொள்ளுங்கள். பெரிய வேலைக்கு ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி முடியும்வரை நல்ல காலம். மார்ச் பிறந்துவிட்டால் சித்திரைப் புதுவருஷத்துக்கு வீடு திருத்துகிறவர்கள் எல்லா பாஸ்மாரையும் பிடித்துவிடுவார்கள், கூலியும் ஏறும்.

பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசிக்கொள்ளுங்கள். மகளோடு போய் பில் எடுத்து வாங்குங்கள். பாதிப் பணத்தை முற்பணமாகக் கேட்பவருக்கு வேலை கொடுக்க வேண்டாம். முடிந்த அளவுக்கு அளந்து கொடுத்து, பத்தில் ஒரு பங்கை ஒரு நல்ல மழை பெய்து பார்க்கும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை வேலை தொடங்குவதற்கு முன்பே, எல்லோர் முன்னிலையிலும், எழுத்தில் சொல்லிவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

தட்டைத் திருத்துவதென்று முடிவானால், கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து முடித்த அன்று, கலவை பூசுவதற்கு முன்னால், வேலையை ஒரு நாள் நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு கம்பியையும் பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, பூசலாமா இடிக்க வேண்டுமா என்று அன்றைக்கே பதில் எழுதுகிறேன். அதுவரை பேத்தி முன்னறையிலேயே படிக்கட்டும்.